விழுந்தேன், குதித்தேன், இறங்கினேன்

 

சென்ற ஆண்டு முழுவதும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தேன். மும்பைத் தமிழரின் பேச்சில் இயக்க வினைகள் எவ்வாறு அமைகின்றன என்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். அதில் ஓர் இயல், மேலிருந்து கீழ் நோக்கிய இயக்கத்தைக் குறிக்கும் வினைகளைப் பற்றியது. சமூக மொழியியல் படித்தவர்களுக்கு வில்லியம் லபோவின் புகழ்பெற்ற கேள்வி நினைவிருக்கும். செத்துவிடுவோம் என்று நினைத்த தருணம் உங்கள் வாழ்வில் உண்டா என்று அவர் நியூயார்க் நகரத்து மக்களைக் கேட்டார். அதற்கு விடை சொல்லத் தொடங்கும் மனிதர் எதிரே கருவி ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிடுவார். திருத்தமாகப் பேசவேண்டும் என்ற எச்சரிக்கை கழன்று, வீட்டில் பேசும் பேச்சு வெளிவரும். நான் அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக்கொண்டேன்: "உயரத்திலிருந்து கீழே வந்த அனுபவம் ஏதாவது உங்களுக்கு உண்டா?" 'விழுந்த' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். வினையை நானே எடுத்துக் கொடுத்துவிட்டால் தரவு கெட்டுப்போகும்.

தாராவியில் பெரும்பாலான விடைகள் ஏணியைப் பற்றியவை. எங்கள் பக்கத்து வீடுகள் அகலத்தில் வளர இடமின்றி உயரத்தில் வளர்ந்தவை. கீழே ஓர் அறை, அதன்மேல் 'மாளா' என்று நாங்கள் சொல்லும் இன்னோர் அறை, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ள மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். மாட்டுங்காவில் ஒரு மாமி, சிறுவயதில் கும்பகோணத்துக் குளத்துப் படிக்கட்டில் சறுக்கியதைச் சொன்னார். செம்பூரில் ஒருவர் ஓடும் மின்ரயிலின் வாசலிலிருந்து கைநழுவியதைச் சொன்னார். இடமும் வயதும் சாதியும் வேறுபட்டாலும் வினை மாறவில்லை. ஏறக்குறைய எல்லோரும் 'விழுந்துட்டேன்' என்றே சொன்னார்கள்.

இங்கே 'விடு' என்னும் துணைவினை முக்கியமானது. என் விருப்பம் இல்லாமல் நடந்தது, நடந்து முடிந்துவிட்டது என்ற இரண்டையும் அது சேர்த்துச் சொல்கிறது. 'குதி' என்ற வினையில் விருப்பம் உண்டு. ஆனால் குதித்தபின் நம் கையில் ஒன்றுமில்லை. 'இறங்கு' என்பதில் விருப்பமும் உண்டு, கடைசிப் படிவரைக்குமான கட்டுப்பாடும் உண்டு. 'விழு' என்பதிலோ இரண்டும் இல்லை. ஒரே ஒரு விலக்கு மட்டும் குறிப்பேட்டில் இருந்தது: 'காலில் விழு'. தமிழில் மனிதன் தானாகச் செய்கின்ற விழுதல் அது ஒன்றுதான் என்று எழுதி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கோடும் இழுத்து வைத்திருந்தேன்.

இந்த அழகான அட்டவணையைக் கலைத்தவர் செம்பூரில் வசிக்கும் ஒரு பெரியவர். எண்பது வயதைக் கடந்தவர், வேலூர்ப் பக்கத்துக்காரர், 1960களில் ராணுவ மருத்துவப் பிரிவில் உதவியாளராகப் பணியாற்றியவர். என் கேள்வியைக் கேட்டதும் சிரித்தார். "வந்திருக்கேம்மா. ஆயிரத்து இருநூறு அடியிலேர்ந்து வந்திருக்கேன்" என்றார்.

அவர் பயிற்சி பெற்றது ஆக்ராவில், வான்குடை வீரர்களுக்கான பள்ளியில். அந்நாளில் 'பாக்கெட்' என்று அழைக்கப்பட்ட, வயிறு பருத்த போக்குவரத்து விமானத்திலிருந்து குதிப்பார்கள். விமானத்துக்குள் நீளமாக ஒரு கம்பி ஓடும். ஒவ்வொருவரும் தம் முதுகுப் பொதியிலிருந்து வரும் பட்டையின் கொக்கியை அதில் மாட்டவேண்டும். வாசலருகே சிவப்பு விளக்கு எரிந்தால் தயார் நிலை; பச்சை எரிந்தால் ஒருவர்பின் ஒருவராக வெளியே. ஆள் விழுகிற எடையே பட்டையை இழுத்துக் குடையைத் திறந்துவிடும். அதன்பிறகு தரைக்கு வர ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஐந்து முறை குதித்தால், அதில் ஒன்றை இரவில் குதித்தால், மார்பில் இறக்கைச் சின்னம் கிடைக்கும்.

"குதிக்கக் கற்றுக்கொள்வது கடினமாக இருந்ததா ஐயா?" என்று கேட்டேன். வினையைத் தவறியும் தரக்கூடாது என்ற என் விதியை அப்போது நானே மறந்திருந்தேன்.

"குதிக்கிறதுக்கு என்னம்மா படிப்பு? நீ தயங்குனா பின்னாடி நிக்கிறவன் தள்ளிட்டுப் போயிடுவான். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது விழறதுக்கு. நாள் பூரா மேடைமேலேர்ந்து விழுந்து விழுந்து பழகுனோம். ரெண்டு காலும் சேந்திருக்கணும். முட்டி லேசா மடங்கியிருக்கணும். தரையைக் குனிஞ்சு பாக்கக்கூடாது, தூரத்துல பாக்கணும். பாதம் தொட்டதும் கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகுன்னு ஒவ்வொண்ணா தரைக்குக் குடுத்துக்கிட்டே உருளணும். நிக்கணும்னு நெனைச்சவனுக்குத்தான் கால் ஒடைஞ்சது."

விழக் கற்றுக்கொள்ளுதல். விருப்பத்தோடு, முறையோடு, கட்டுப்பாட்டோடு விழுதல். என் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை. அன்றிரவு ஆய்வை ஓரமாக வைத்துவிட்டு, மனிதர்கள் வானிலிருந்து குதிக்கத் தொடங்கிய காலத்தைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன். சில வாரங்களுக்கு வேறெதுவும் வாசிக்கவில்லை.

சொல்லிலிருந்து தொடங்குவது எங்கள் துறையின் பழக்கம். 'பாராசூட்' என்ற சொல்லை உருவாக்கியவர் லூயி செபஸ்தியான் லெனோர்மான் என்ற பிரெஞ்சுக்காரர். 1783 டிசம்பரில் அவர் மோன்பெலியே நகரத்து வானாய்வகத்தின் கோபுரத்திலிருந்து தாம் செய்த குடையோடு இறங்கிக் காட்டினார். வெயிலைத் தடுப்பது 'பாராசோல்', மழையைத் தடுப்பது 'பாராப்ளுயி' என்ற வரிசையில், விழுதலைத் தடுப்பது 'பாராசூட்' ஆயிற்று. அந்தப் பெயருக்குள்ளேயே விழுதல் இருக்கிறது. நாம் 'வான்குடை' என்றோம். வடிவத்தைப் பார்த்துப் பெயரிட்டோம். விழுதலைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். நான் வளர்ந்த தெருவிலோ அந்தச் சொல்லுக்கு வானோடு உறவே கிடையாது. அம்மாவுக்குப் பாராசூட் என்றால் நீலப் புட்டியில் வரும் தேங்காய் எண்ணெய். அப்பாவுக்குப் பாராசூட் என்றால் பை தைக்கும் மெல்லிய நைலான் துணி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அந்தத் துணியில் முதுகுப் பைகள் தைத்து வருகிறார்.

தொடக்ககாலத்து வான்குடைக்காரர்கள் வேடிக்கை காட்டுகிறவர்களாக இருந்தார்கள். 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸ் நகரத்தில் ஆந்த்ரே ழாக் கார்னெரின் வாயுக்கூண்டில் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரம் சென்று, கயிற்றை அறுத்துக்கொண்டு பட்டுக் குடையில் இறங்கினார். வழியெல்லாம் குடை ஊஞ்சல்போல் பயங்கரமாக ஆடியது. உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமல், ஒருமுறை இந்த ஓரத்தாலும் மறுமுறை அந்த ஓரத்தாலும் பீறிட்டதே காரணம். பிற்காலத்தில் குடையின் உச்சியில் ஒரு துளை வைத்தார்கள், ஆட்டம் அடங்கியது. பாதுகாப்புக்காகத் துணியில் ஓட்டை போடவேண்டும் என்பது எளிதில் யாருக்கும் தோன்றுகிற யோசனை இல்லை. 1837இல் ராபர்ட் காக்கிங் என்ற அறுபது கடந்த ஆங்கிலேயர், குடையைத் தலைகீழாக்கிக் கூம்புபோல் செய்தால் ஆடாது என்று நம்பினார். லண்டனுக்கு மேலே அது நொறுங்கியது, அவர் இறந்துபோனார். ஆடாமல் இருக்கவேண்டும் என்ற அவருடைய கவலை நியாயமானதே. தீர்வு மட்டும் தவறு.

நம் நாட்டில் இந்தக் கலை சர்க்கஸ் கூடாரத்தின் வழியாக வந்தது. 1889இல் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவில் வாயுக்கூண்டில் பறந்து காட்டினார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ராம்சந்திர சட்டோபாத்யாயர் என்ற சர்க்கஸ் வித்தைக்காரரும் ஒருவர். ஸ்பென்சரிடம் பழகி, அவருடைய கூண்டுகளில் ஒன்றையே விலைக்கு வாங்கி, அதற்குக் கல்கத்தா நகரத்தின் பெயரைச் சூட்டி, அதே ஆண்டில் தனியாகப் பறந்தார். 1890 மார்ச்சில் கல்கத்தாவின் டிவோலி தோட்டத்திலிருந்து ஏறி, வான்குடையில் இறங்கினார். வான்குடையில் இறங்கிய முதல் இந்தியர் அவர்தாம். அந்தரத்தில் ஊஞ்சல் ஆடிப் பழகிய உடம்பு அவருடையது. எந்தக் கணத்தில் பிடியை விடவேண்டும் என்பதே சர்க்கஸ்காரரின் கல்வி. அடிமை நாட்டில் வாழ்ந்த ஒரு மனிதர், ஆள்பவர்கள் காட்டிய வித்தையை ஓராண்டுக்குள் தாமும் செய்துகாட்டினார். அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இதையே அழுத்திச் சொல்கிறார்கள்.

நான் வாசித்தவற்றில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தவர் ஒரு தையற்காரர். பிரான்ஸ் ரைஷெல்ட், பாரிஸில் தையற்கடை வைத்திருந்தவர். விமானிகள் உடுப்பாகவே அணிந்துகொள்ளக்கூடிய வான்குடை ஒன்றைத் தைத்தார். பொம்மையை வைத்துச் சோதிப்பதாகச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, 1912 பிப்ரவரி 4 அன்று ஐஃபில் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து தாமே குதித்தார். உயரம் 57 மீட்டர். குடை விரியவில்லை. அந்தக் குதிப்பைப் படம்பிடித்த சுருள் இன்றும் இருக்கிறது. குதிப்பதற்கு முன் விளிம்பில் நின்றபடி அவர் நெடுநேரம் தயங்குகிறார். மற்றவர்களுக்கு அது மூடத்துணிவாகத் தோன்றலாம். தான் தைத்ததைத் தானே அணிந்து பார்க்கவேண்டும் என்று நினைத்த தொழிலாளியாகவே எனக்கு அவர் தெரிந்தார்.

அந்தக் காலத்தில் இன்னொரு நம்பிக்கையும் வலுவாக இருந்தது. குடை திறக்காமல் சில விநாடிகள் காற்றில் விழுந்தாலே மனிதன் நினைவிழந்துவிடுவான், கையை அசைக்கவும் முடியாது என்றார்கள். எனவே விமானத்தோடு கட்டிய கயிறுதான் குடையைத் திறக்கவேண்டும், ஆளை நம்பமுடியாது என்பது முடிவு. அமெரிக்காவில் 'டைனி' பிராட்விக் என்று அழைக்கப்பட்ட ஜார்ஜியா பிராட்விக், பருத்தி ஆலையில் கூலி வேலை செய்த சிறுமி. பதினைந்தாம் வயதில், 1908இல், பொருட்காட்சிக் குழுவில் சேர்ந்து வாயுக்கூண்டிலிருந்து குதிக்கத் தொடங்கினார். 1914இல் சான்டியாகோவில் ராணுவத்தினர்முன் குதித்துக் காட்டியபோது ஒருமுறை கயிறு விமானத்தின் வாலில் சிக்கியது. அடுத்த முறை அவர் கயிற்றைக் கட்டையாக அறுத்துக்கொண்டு குதித்து, தம் கையாலேயே குடையைத் திறந்தார். நினைவு தப்பவில்லை. 1919 ஏப்ரல் 28 அன்று லெஸ்லி இர்வின், விரும்பிய நேரத்தில் இழுத்துத் திறக்கும் பிடி வைத்த புதிய குடையோடு டேட்டன் நகரத்தில் குதித்து அதை உறுதிசெய்தார். இறங்கும்போது அவருக்குக் கணுக்கால் முறிந்தது. ஆயினும் ஒரு கேள்வி முடிவுக்கு வந்தது. விழுகிற மனிதனுக்கு அறிவும் கையும் விழும்போதும் இருக்கின்றன. இன்று விளையாட்டாக நடக்கும் வான்குதிப்பு முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின்மேல் நிற்கிறது.

செம்பூர்ப் பெரியவர் தம் பேச்சில் பலமுறை ஒரு பெயரைச் சொன்னார்: கர்னல் ரங்கராஜ். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 அக்டோபரில், டெல்லியில் 50ஆவது இந்திய வான்குடைப் படையணி உருவானது. அதன் 152ஆவது பட்டாலியனில் மருத்துவ அதிகாரியாக இருந்த ரங்கராஜும், ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும், வான்குடையில் குதித்த முதல் இந்தியப் படையினர். போரிடுவது வேலையாக இருந்தவர்களுக்கு முன்னால் ஒரு மருத்துவர் குதித்திருக்கிறார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. பெரியவருக்கு அதில் வியப்பில்லை. "எறங்குற எடத்துல முதல்ல வேணுங்கிறது டாக்டர்தானேம்மா" என்றார்.

பட்டு அந்நாளில் அரிய பொருள். பர்மாப் போர்முனையில் காட்டுக்குள் இருந்த படைகளுக்கு உணவையும் மருந்தையும் விமானத்திலிருந்து போட ஆயிரக்கணக்கான குடைகள் தேவைப்பட்டன. தளபதி ஸ்லிம்மின் ஆட்கள் கல்கத்தாச் சணல் ஆலைக்காரர்களிடம் போனார்கள். சாக்குத் துணியின் இனத்தைச் சேர்ந்த சணலில் குடைகள் தயாராயின. 'பாராஜூட்' என்று பெயரும் வைத்தார்கள். மனிதர்கள் அதில் இறங்கவில்லை. மூட்டைகள் இறங்கின. அதன் விலை ஏறத்தாழ ஒரு பவுண்டு. வழக்கமான குடை இருபது பவுண்டுக்கு மேல்.

விடுதலைக்குப் பிறகு, கொரியப் போருக்கு இந்தியா படை அனுப்பவில்லை. 60ஆவது வான்குடை மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் ரங்கராஜ். 1951 மார்ச் 23 அன்று முன்சான் அருகே அமெரிக்க வான்குடைப் படையோடு, ரங்கராஜ் உட்பட அந்தப் பிரிவின் பன்னிரண்டு பேர் குதித்தார்கள். காயம்பட்டவர்களுக்குக் களத்திலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பின்னாளில் அவர் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். இந்தியாவின் முதல் பெண் வான்குடை வீரராக 1959 ஜூலை 17 அன்று குதித்த கீதா சந்தாவும் விமானப் படை மருத்துவரே. விளையாட்டாக வான்குதிப்பு இங்கே வேர்பிடிப்பதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 1979இல் ஆக்ராவில் முதன்முறை குதித்த ரேச்சல் தாமஸ், 2002இல் வடதுருவத்தின்மேல் ஏழாயிரம் அடியிலிருந்து குதித்தார். அடுத்த தலைமுறையில் புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் ஒன்பது கஜச் சேலையோடே குதித்துக் காட்டினார்.

இவ்வளவையும் வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோதுதான், ஜூலை மாதத்து மழைநாள் ஒன்றில், அப்பா ஏணியிலிருந்து விழுந்தார்.

வேறு வினை எனக்குக் கிடைக்கவில்லை. மாளாவில்தான் அவருடைய தையல் இயந்திரம் இருக்கிறது. தைத்து முடித்த பைகளைப் பெரிய பொதியாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி இறங்குவார். அன்று கம்பி ஈரமாக இருந்தது. பொதி முன்னால் வந்து விழுந்த சத்தமும் அதன்மேல் அப்பா வந்து விழுந்த சத்தமும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டன. பாராசூட் துணிப் பைகள்மேல் விழுந்ததால் தலை தப்பியது. வலது கால் முறிந்தது. சந்துமுனையில் இருக்கும் மருத்துவர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, என்ன நடந்தது என்று கேட்டார்.

"எறங்குனேன். கடைசி நாலு படி கொஞ்சம் வேகமா எறங்கிட்டேன்" என்றார் அப்பா.

மருத்துவர் சிரித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் நலம் விசாரிக்க வந்த உறவுக்காரர்கள், பை வாங்கும் முதலாளி, பக்கத்து வீட்டு மராத்திக்காரர் என எல்லோரிடமும், எல்லா மொழியிலும், அப்பா இறங்கினார். ஒருமுறைகூட விழவில்லை. வலிக்கு நடுவிலும் ஒரு மனிதர் ஒரு வினையை இவ்வளவு பிடிவாதமாகத் தவிர்ப்பதை என் ஆய்வில் வேறெங்கும் நான் பதிவு செய்யவில்லை. வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். மூன்று பகுதிகளிலும் அத்தனை பேரிடம் கேட்ட கேள்வியை என் வீட்டில் இருந்தவரிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அவர் கீழ் அறையில் படுத்திருந்த ஓர் இரவில், பொழுதுபோகட்டும் என்று பழைய வான்குடைப் படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். போர்க்காலத்துக் குடை ஒன்றைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். "துண்டு துண்டா வெட்டி, கிராஸ்ல போட்டிருக்கான் பாரு. நேர் நூல்ல வெட்டினா ஒரு எடத்துல கிழிஞ்சது ஓடிக்கிட்டே போவும். கிராஸ்ல வெட்டினா தையல்ல வந்து நின்னுரும்" என்றார். நான் புத்தகத்தில் வாசித்ததை அவர் படத்தில் பார்த்தார். குடையை மடித்துக் கட்டியவர் ஓர் அட்டையில் கையொப்பம் இடவேண்டும், அந்த அட்டை குடையோடே இருக்கும் என்று செம்பூர்ப் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. "தைச்சவன் பேரு?" என்று கேட்டார். அதைப் பற்றிப் பெரியவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு பாரிஸ் தையற்காரரின் கதையைச் சொன்னேன். அப்பா பேசாமல் இருந்தார். "விழுந்து செத்துட்டாரா?" என்று அவர் கேட்டபோது, அந்த வினை அவர் வாயிலிருந்து வந்ததைக் கவனித்தேன். ஏன் அப்பா, உங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அந்த வார்த்தை வருவதில்லையே என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அன்று கருவி ஓடவில்லை. ஆயினும் எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"நான் ஒரே ஒருதடவ விழுந்திருக்கேன். ஊர்ல. பதிமூணு வயசு இருக்கும். சித்தப்பா சைக்கிள எடுத்துட்டுப் போனேன். அவங்க தெரு வந்தா எறங்கித் தள்ளிட்டுப் போணும். எனக்கும் தெரியும். அன்னிக்கு எறங்கல. எறங்கணும்னு தோணல. சாயங்காலம் கூப்புட்டு விட்டாவ. தெருவே நிக்கி. விழுலேன்னாவ. ஒங்க தாத்தாவும் பக்கத்துலதான் நின்னாவ. விழுந்தேன். மூணு தடவ விழச் சொன்னாவ, மூணு தடவ விழுந்தேன். அதுக்கப்பறம் நான் எங்கயும் விழல. எறங்குன்னு ஒருத்தன் சொல்லி எறங்குறது வேற, நானா எறங்குறது வேற. இது நான் கட்டுன வீடு, நான் வச்ச ஏணி. அதுலேர்ந்து நான் எறங்குனேன்."

கீழே வந்த அனுபவம் உண்டா என்று ஓராண்டு முழுவதும் ஊராரைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். 'காலில் விழு' என்ற விலக்கை, தானாகச் செய்கின்ற விழுதல் என்று குறித்து, ஒரு கோட்டையும் இழுத்து வைத்திருக்கிறேன். குறிப்பேட்டைத் திறந்து அந்த வரியை அடித்தேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. யாருடைய விருப்பம் என்று கேட்காமல் 'விருப்பம் உண்டு' என்று ஒரு கட்டத்தில் குறியிடமுடியாது என்பது மட்டும் தெரிகிறது. இயலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். நெறியாளரிடம் இன்னும் இரண்டு மாத அவகாசம் கேட்டிருக்கிறேன்.

வான்குடையின் தொடக்ககால வரலாற்றை முன்பு துணிச்சலின் வரலாறாக வாசித்தேன். இப்போது அதே பக்கங்கள் வேறுவிதமாகத் தெரிகின்றன. விழுவது மனிதனுக்கு நடந்துவிடுகிற ஒன்று, அப்போது அவன் வெறும் பொருள் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஒரு சர்க்கஸ்காரர், ஓர் ஆலைக் கூலிச் சிறுமி, ஒரு மருத்துவர் என ஒவ்வொருவராக வந்து, விழும்போதும் நான் இருக்கிறேன், என் கை இருக்கிறது, எங்கே எப்படித் தரையைத் தொடுவது என்பதை நானே பார்த்துக்கொள்வேன் என்று காட்டினார்கள். விழுதலை இறங்குதலாக மாற்ற அவர்களுக்கு நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. அப்பா அதை ஒரு சொல்லில் செய்துகொண்டிருந்தார், நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

செம்பூர்ப் பெரியவரைப் போல 1950களிலும் 60களிலும் ஆக்ராவில் குதித்த தமிழர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் பயன்படுத்தும் சொற்களை மாற்றாமல் எழுதிவையுங்கள். எனக்கும் தெரிவித்தால் மகிழ்வேன்.

அப்பாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. இயந்திரத்தைக் கீழ் அறைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நானும் அம்மாவும் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. ஏணிப்படிகளில் பழைய சைக்கிள் டயரை வெட்டிக் கட்டியிருக்கிறார். பொதியை இப்போது கயிற்றில் தனியாக இறக்கிவிட்டுப் பிறகு தாம் இறங்குகிறார்.

வெளியிடுவதற்கு முன் இந்தப் பதிவை அவருக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். ஊரைப் பற்றிய பகுதி வந்ததும் நிறுத்தி, இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார். ஓர் இடத்தில் மட்டும் திருத்தம் சொன்னார். அந்த நிகழ்ச்சிக்கு மறுவாரம் அவர் ஊரைவிட்டு பம்பாய்க்கு ஓடிவந்தார் என்று எழுதியிருந்தேன்.

"ஓடி வரல. ரயிலேறி வந்தேன்னு எழுது."